அமெரிக்காவில் சம்மோகனன் பாட்டு

நான் பதிப்பிக்கிற நாவல்களில் செத்தவர்கள் நிறையப் பேசுவார்கள். உயிரோடிருப்பவர்களைவிட நல்ல தமிழில் பேசுவார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கம் தபால் இன்ஸ்பெக்டர்களும் தலைமையாசிரியர்களும் வக்கீல் குமாஸ்தாக்களும் சேர்ந்து ஞான சபைகள் நடத்தினார்கள். சாயங்காலமானால் வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆவிகளைக் கூப்பிடுவது, மூச்சை அடக்குவது, இமயமலையில் யாரோ ஒரு மகாத்மா தங்களையே நினைத்துக்கொண்டிருப்பதாக நம்புவது. மிச்ச நேரத்தில் நாவல் எழுதினார்கள், பாட்டும் எழுதினார்கள். கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு இவற்றைத் தேடிப் பிடித்து அச்சுக்குக் கொண்டுவருவதுதான் என் வேலை. எனக்கு ஆவியிலும் நம்பிக்கை இல்லை, மகாத்மாவிலும் இல்லை. ஆனால் அந்த மனுஷர்கள் கதை சொல்கிற வேகம் பிடிக்கும்.

அமெரிக்காவுக்குப் போனதும் அப்படி ஒரு நாவலுக்காகத்தான். பெயர் ‘சொர்ணாம்பிகை அல்லது சூக்கும உலகத்தில் ஒரு வருஷம்’. எழுதியவர் ஆவுடையநாயகம் என்ற தபால் இன்ஸ்பெக்டர். அவருடைய சபையின் மாதப் பத்திரிகையில் தொடராக வந்தது. கதாநாயகி சொர்ணாம்பிகை செத்துப்போன புருஷனைத் தேடி, தூக்கத்தில் உடம்பைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு ஆவியுலகத்துக்குப் போய்வருவாள். சம்மோகனன் என்று ஒரு வில்லன், பார்வையாலேயே ஆளைக் கட்டிப்போடுகிறவன். அவள் திரும்பி உடம்புக்குள் வந்துவிடக் கூடாதென்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடுகிறான். பாட்டோடு அந்த இதழ் முடிகிறது. அடுத்த இதழ் எந்த நூலகத்திலும் இல்லை. அவள் வந்தாளா, வரவில்லையா? முடிவில்லாத நாவலை யார் வாங்குவார்கள் என்று பதிப்பாளர் கையை விரித்துவிட்டார்.

ஆவுடையநாயகத்தின் கொள்ளுப்பேத்தி உமா நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனில் இருப்பது வாட்ஸ்அப் குழு ஒன்றின் வழியாகத் தெரிந்தது. பேசினேன்.

“கதை எனக்குத் தெரியாது மேடம். அது கலிஃபோர்னியால இருக்கற எங்க பெரியப்பாவுக்குத்தான் தெரியும். ஃபோன்ல கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நேர்ல வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா தாத்தாவோட பாட்டு இருக்குல்ல, அது எங்க வீட்ல எல்லாருக்கும் மனப்பாடம்” என்றாள்.

எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

உமாவின் வீட்டில் முதல் இரண்டு நாள் எனக்கு இரவும் பகலும் இடம் மாறிக் கிடந்தன. மத்தியானம் தூக்கம் சொக்கும். விடிகாலையில் எழுந்து ஃபிரிட்ஜைத் திறந்தால், ஞாயிற்றுக்கிழமை வைத்த சாம்பார் கிழமை எழுதிய டப்பாக்களில் ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்கும். மைக்ரோவேவில் தட்டோடு சுட வைத்துச் சாப்பிட்டால் தட்டு கொதிக்கிறது, சாதம் நடுவில் ஜில்லென்றிருக்கிறது. இது எப்படி என்று இன்றுவரை விளங்கவில்லை.

காலாற நடக்கலாமென்று வெளியே போனேன். நடைபாதை கொஞ்ச தூரம் வந்துவிட்டுத் திடீரென்று புல்லில் முடிந்துபோனது. சாலையோரமாக நடந்தேன். ஒரு போலீஸ் கார் பக்கத்தில் நின்றது.

“வழி தவறிவிட்டீர்களா அம்மா?” என்று கேட்டார் போலீஸ்காரர்.

“இல்லை, நடக்கிறேன்.”

“எங்கே?”

“எங்கேயும் இல்லை.”

அவர் என்னைவிடக் குழம்பிப்போய், என்னை வண்டியில் ஏற்றி உமா வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். எங்கள் ஊரில் போலீஸ் வண்டியில் வந்து இறங்கினால் தெருவே கூடியிருக்கும். இங்கே எதிர்வீட்டு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

உமாவின் பூஜை அலமாரியில் சாமி படங்களுக்கு நடுவே, குங்குமம் அப்பிக் கறுத்துப்போன ஒரு சின்னச் சட்டம் இருந்தது. உள்ளே பத்திரிகையிலிருந்து வெட்டிய துண்டு. எழுத்து ஒன்றும் தெரியவில்லை. சபைக்காரர்களின் வழக்கம் எனக்குத் தெரியும். கதையை ஒரு தரம் படித்துவிட்டுப் பழைய பேப்பரோடு போட்டுவிடுவார்கள். அதில் வருகிற பாட்டை மட்டும் வெட்டியெடுத்துச் சட்டம் போட்டுக் கும்பிடுவார்கள். பாட்டில்தான் சக்தி, கதை வெறும் உறை என்பது அவர்கள் நம்பிக்கை. பத்திரிகை அட்டையிலேயே போட்டிருக்கும்: ‘வெளியோர்க்குக் கதை, உள்ளோர்க்கு வழி.’

“புதுக் கார் வாங்கினா எலுமிச்சம்பழம் வச்சு இதத்தான் சொல்லுவோம். நிலா டிரைவிங் டெஸ்ட்டுக்குப் போறப்பவும் சொன்னேன்” என்றாள் உமா.

“I failed twice, Amma” என்றாள் மகள் நிலா, மாடியிலிருந்து.

சாயங்காலம் ஏழு மணிக்கு உமா கைபேசியை அலமாரிக்கு முன்னால் நிறுத்தினாள். திரையில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் கலிஃபோர்னியா மில்பிடாஸிலிருந்து பெரியப்பா, நெற்றி மட்டும் தெரிந்தது. இன்னொன்றில் ஆஸ்பத்திரிக் கட்டில். டெக்சாஸில் இருக்கும் உமாவின் தம்பி செந்தில், ஷட்டில் விளையாடிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். நின்றுபோன இருதயத்தை ஓட வைத்துவிட்டார்கள். நினைவு மட்டும் திரும்பவில்லை. வாயில் குழாயோடு சில வாரங்களாகக் கிடக்கிறார். அவர் மனைவி ரேவதி ஃபோனை அவருடைய காதோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். மூன்று ஊரிலிருந்தும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள்:

‘ஐம்பூதக் கூடடையேல் அந்தரத்தே அமர்ந்திருப்பாய்
நம்பூமி நண்ணற்க நாதவெளி நீங்கற்க’

சம்மோகனன் பாட்டு! ஐந்து பூதங்களாலான இந்த உடம்புக் கூட்டுக்குள் வராதே, வானத்திலேயே இரு, எங்கள் பூமிப் பக்கம் தலைகாட்டாதே, அந்த வெளியை விட்டு நகராதே. சொர்ணாம்பிகையை உடம்புக்குத் திரும்பவிடாமல் செய்ய வில்லன் பாடுகிற அதே இரண்டடி. அதை இந்தக் குடும்பம் நினைவில்லாமல் கிடக்கிற மனுஷனின் காதில் தினம் ஓதிக்கொண்டிருக்கிறது, பக்தியோடு, ராகம் போட்டு.

“சிவன் பாட்டு மேடம். கேக்கவே பாசிட்டிவா இருக்குல்ல?” என்றாள் உமா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? பாட்டால் ஒருவர் எழுந்திருக்கவும் போவதில்லை, எழுந்திருக்காமல் போகவும் போவதில்லை. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் இவர்கள் பாடுவதை நிறுத்தினால் தேவலை என்று மனசு அடித்துக்கொண்டது. ஆவிக்கதைகளைப் பார்த்துச் சிரிக்கிற எனக்கு இது என்ன புது வியாதி என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது.

உமா தம்பியைப் பார்க்க டெக்சாஸ் கிளம்பிக்கொண்டிருந்தாள். கலிஃபோர்னியாவுக்குப் போகிற வழிதானே என்று என்னையும் இழுத்துக்கொண்டாள். காரணம் விமானத்தில் ஏறின பிறகுதான் தெரிந்தது.

“ரேவதி கோயம்புத்தூர்ப் பொண்ணு. கல்யாணத்துக்கு அப்புறம்தான் பாட்டே கத்துக்கிட்டா. அங்கங்க தப்பாச் சொல்றா, அதான் பலிக்கலையோன்னு எனக்கு ஒரு டவுட். நீங்க தமிழ் புரொஃபசர். கொஞ்சம் திருத்திக் குடுத்துடுங்க.”

வில்லன் பாட்டைப் பிழையில்லாமல் சொல்லிக்கொடுக்க என்னை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, இறங்கி ஓடிவிடலாமா என்றும் இருந்தது.

டெக்சாஸில் எல்லாமே தேவைக்கு மேல் பெரிதாக இருந்தது. வெயில் மட்டும் நம்மூர் வெயில். ஃபிரிஸ்கோவில் ரேவதியின் வீட்டில் தங்கினோம். காலையில் உமா முன்னால் போய்விட, நான் ஒரு வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஓட்டியவர் எத்தியோப்பியாக்காரர். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். ஆவிகள் வருகிற பழைய கதைகளைப் பதிப்பிக்கிறேன் என்றேன். கண்ணாடியில் ஒரு தரம் என்னைப் பார்த்தார். மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு பேச்சே இல்லை. அந்த அவசரத்திலோ என்னவோ, ஆஸ்பத்திரியின் கார் நிறுத்துகிற கட்டடத்து வாசலில் என்னை இறக்கிவிட்டுப் பறந்துவிட்டார். ஏழு மாடி, மாடி நிறையக் கார், ஒரு மனுஷர் இல்லை. லிஃப்டில் ஏறினால் இன்னும் கொஞ்சம் கார்கள். ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்பதற்குக்கூட ஆளில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஒருவழியாக வழி கண்டுபிடித்து உள்ளே போனால் அங்கேயும் அமைதி. எங்கள் ஊர்ப் பெரியாஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்குப் பத்துப் பேர் நிற்பார்கள். தூக்குவாளியும் சண்டையும் அழுகையுமாக, செத்துக்கொண்டிருக்கிறவர்கூட எழுந்து யாரையாவது அதட்டலாமா என்று யோசிக்கிற மாதிரி இருக்கும். இங்கே இயந்திரம் மூச்சு விடுகிற சத்தம் மட்டும்தான். செந்தில் ஷேவ் செய்துவிடப்பட்ட முகத்தோடு படுத்திருந்தார். கண் பாதி திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை.

உமா டாக்டரோடு பேசப் போனதும் ரேவதி என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். முப்பத்தெட்டு வயசிருக்கும். தலை சீவிப் பல நாள் ஆகியிருந்தது.

“ஆன்ட்டி, திங்கக்கிழமைக்குள்ள முடிவு சொல்லச் சொல்லிட்டாங்க. வாய்ல இருக்கற ட்யூப இதுக்கு மேல வைக்க முடியாதாம். ஒண்ணு கழுத்துல ஓட்டை போட்டு அதுவழியா மூச்சு குடுத்து லாங் டெர்ம் கேர் பண்ணணும். இல்லைன்னா எல்லாத்தையும் எடுத்துட்டு கம்ஃபர்ட்டபிளா பாத்துக்குவாங்களாம். எடுத்துட்டா அவ்வளவுதான்” என்றாள்.

“உமா என்ன சொல்றா?”

“அண்ணி ஓட்டை போடுங்கறாங்க. பெரியப்பா எதுவும் சொல்ல மாட்டேங்கறாரு. சைன் பண்ண வேண்டியது நாந்தானுங்களே. டாக்டர் கேக்கறாரு, உங்க ஹஸ்பெண்ட் என்ன விரும்புவார்னு. எனக்கு எப்படிங்க தெரியும்? நாங்க சண்டை போட்டது வீட்டு மார்ட்கேஜ் பத்தி, இந்தியா ட்ரிப் பத்தி. இதப் பத்தியா பேசி வச்சோம்?”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை உருவவில்லை.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க ஆன்ட்டி. தினம் அவர் காதுல ஒரு பாட்டுச் சொல்றோம். எனக்கு ஒரு வார்த்தை புரியல. காது கேக்கும்னு நர்ஸ் சொல்றாங்க. அவருக்கு என்ன சொல்லிட்டு இருக்கோம்னாவது எனக்குத் தெரியணும்ங்க.”

“பழைய தமிழ். யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். வகுப்பில் பதில் தெரியாத பையன்கள் சொல்கிற பதில். இத்தனைக்கும் எனக்குப் பதில் தெரியும்.

அன்று ஆறு மணிக்குக் கட்டிலருகே நின்று அவர்கள் பாடினார்கள். உமா என்னைப் பார்த்துத் தலையாட்டினாள், திருத்துங்கள் என்று. ரேவதி ‘நண்ணற்க’ என்பதை விழுங்கினாள். நான் திருத்தவில்லை. இன்னும் நாலு சொல்லை விழுங்கினால் நல்லது என்று நினைத்தேன்.

மறுநாள் தனியாகக் கலிஃபோர்னியா போனேன். உமா தம்பியை விட்டு வர மறுத்துவிட்டாள். மில்பிடாஸில் பெரியப்பா மகனோடு இருக்கிறார். மகனும் மருமகளும் அலுவலகம் போய்விட, என்னை அவரே நடத்தி ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். நெய் ரோஸ்ட் தட்டுக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. சாம்பாரில் மட்டும் வெல்லம். எண்பது தாண்டிய மனுஷர், எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், சட்டைப் பையில் காது மெஷின். அது கிய்யென்று கத்துகிறதாம், அதனால் தேவைப்பட்டால்தான் மாட்டுவார். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் திருநெல்வேலிப் பேச்சு போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மெஷினை மாட்டச் சொல்லி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாவல், சம்மோகனன், செந்திலின் காதில் ஓதுகிற பாட்டு, ரேவதியின் கேள்வி. சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“கடைசி அத்தியாயம்னு ஒண்ணு கிடையாது, கேட்டியளா. தாத்தா எழுதவே இல்ல” என்றார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்கப்பா சொன்னதுதான். எங்க பாட்டி பிரசவத்துல ஜன்னி கண்டு நினைவு தப்பிக் கெடந்திருக்கா. வைத்தியரு கையை விரிச்சுட்டாரு. தாத்தா பக்கத்துல இருந்து இந்தப் பாட்டப் பாடுனாராம். இந்த ஒடம்புக்குத் திரும்பி வந்து வலியப் படாத, அங்கயே நல்லா இருன்னு. பாடிட்டு இருக்கும்போதே பாட்டி போயிட்டா. பேஸிக்கலி, பாட்டு மொதல்ல. கதை அதுக்கப்புறந்தான்.”

“அப்ப அதை ஏன் வில்லன் வாயில வச்சார்?”

“என்னத்தச் சொல்ல? நாமளே அவள அனுப்பி வச்சிட்டமோன்னு நெனச்சாரோ என்னவோ. அந்தப் பாட்டு வந்த மாசத்தோட பேனாவத் தொடவே இல்லயாம்.”

“இது என்ன பாட்டுன்னு உங்களுக்குத் தெரியும். அப்புறம் எப்படி செந்திலுக்குப் பாடினீங்க?”

“பாட்டிக்குப் பாடுனதுன்னு தெரியும். வராதேன்னு அர்த்தம்னு தெரியும். எனக்கு அவன் இப்படிக் கெடந்து சீரழிய வேண்டாம்னு இருந்தது. ஆனா அத வாயத் தொறந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. உமா பாட ஆரம்பிச்சா. நானும் சேந்துக்கிட்டேன்.”

நாவலின் முடிவைத் தேடி இவ்வளவு தூரம் வந்தேன், முடிவே இல்லை. வில்லனின் மந்திரம் என்று நினைத்தேன், ஒரு புருஷன் பெண்டாட்டிக்குக் கொடுத்த விடை. ஒரே பாட்டை உமா ‘வா’ என்று பாடுகிறாள், இந்த மனுஷர் ‘போ’ என்று பாடுகிறார், ரேவதி என்னவென்றே தெரியாமல் பாடுகிறாள். உள்ளோருக்கு வழி என்று அட்டையில் போட்டார்களே, உள்ளே இருக்கிறவர்களுக்கே இந்தக் கதி. பதிப்புரையில் இதையெல்லாம் எப்படி எழுதுவது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். உடனே வெட்கமாக இருந்தது. அங்கே ஒருத்தி திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

ரேவதியைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் காருக்குள் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள். இரண்டடிக்கும் சொல் சொல்லாக அர்த்தம் சொன்னேன். நாவலையும் சொன்னேன், பாட்டி கதையையும் சொன்னேன். காரின் ஏசி சத்தம் மட்டும் கேட்டது. திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

“அப்ப நாங்க எல்லாருமாச் சேந்து தினம் அவரப் போ போன்னு சொல்லிட்டு இருந்திருக்கோம்” என்றாள் கடைசியில்.

“ரேவதி, அது வெறும் பாட்டும்மா...”

“இல்லைங்க ஆன்ட்டி. இத்தன பேரு, இத்தன நாளு சொல்லியும் அவரு போகல. கவனிச்சீங்களா? அவரு போகல.”

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறதா, அல்லது ஒரு குழப்பத்திலிருந்து அவளை இன்னொன்றுக்குள் தள்ளிவிட்டேனா? கழுத்தில் துளை போட்டு அவர் வருஷக்கணக்கில் அப்படியே கிடந்தால், அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டா? இன்றைக்கும் தெரியவில்லை.

எங்களுக்கு நாலு மணி, அங்கே ஆறு. பெரியப்பா மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு வழக்கம்போல் ஃபோனுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். திரையில் கட்டில் தெரிந்தது. உமா தொண்டையைச் செருமிக்கொண்டு ‘ஐம்பூத’ என்று ஆரம்பித்தாள்.

“அண்ணி, இன்னிக்குப் பாட்டு வேண்டாம்” என்றாள் ரேவதி.

உமா அப்படியே நின்றாள். ரேவதி கட்டிலின் கம்பியை இறக்கிவிட்டு, செந்திலின் தலையணையிலேயே தன் தலையையும் வைத்துக்கொண்டாள்.

“செந்தில், நாந்தான். இத்தன நாளா நாங்க சொன்னது எதையும் கேக்காத. எப்பவும் யார் பேச்சையும் கேக்க மாட்டல்ல, அதே மாதிரி இரு. கழுத்துல சின்னதா ஒரு ஓட்டை போடுவாங்க. வலிக்காதாம். உனக்கு முடியலைன்னா எனக்கு எப்படியாவது தெரியப்படுத்து, நான் விட்டுடறேன். அது வரைக்கும்...”

அவள் பேசுவது பெரியப்பாவுக்குக் கேட்கவில்லை. நேரம் ஆகிவிட்டதென்று நினைத்து, கண்ணை மூடி, கைகூப்பி, கணீரென்று பாட்டை எடுத்தார். ‘ஐம்பூதக் கூ’ என்பதற்குள் நான் பாய்ந்து அவர் வாயை என் கையால் பொத்தினேன். அவர் திகைத்துப்போய்க் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ரேவதி பேசி முடிக்கிற வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை.